சிக்கன் உணவகத்தில் மதிய சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்டரில் ஆர்டர் சொல்லி, காசு கட்டி, நம்பர் கூப்பிட்டதும் தட்டை நாமே எடுத்துவந்து சாப்பிடும் சிக்கன் உணவகங்களுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் இரண்டாவது கேள்வியையும் ஐந்தாவது கேள்வியையும் மட்டுமாவது பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எந்த நேரத்துக்குப் போகிறோம், கோழியின் எந்தப் பகுதியைக் கேட்கிறோம் என்ற இரண்டும்தான் சாப்பாட்டின் ருசியைத் தீர்மானிக்கின்றன. சாஸெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. 'பாஸ்ட் கேஷுவல்'னு போட்டிருக்கு. பாஸ்ட் புட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டிலும் பரிமாற ஆள் கிடையாது, காசு முதலிலேயே கட்டவேண்டும். வித்தியாசம் சமையலறையில்தான். பாஸ்ட் புட்டில் பெரும்பாலும் தயாராக எடுத்துவைத்ததைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். இங்கே ஆர்டர் வந்தபிறகு பொரிப்பார்கள், அல்லது சின்னச் சின்ன ஈடுகளாகப் பொரித்துச் சீக்கிரம் தீர்ப்பார்கள். அதனால் 8 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டிவரும். 2 நிமிடத்தில் தட்டு வந்துவிட்டால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, அது ஏற்கெனவே பொரித்து வைத்தது.

2. மத்தியானம் ஒரு மணி நேரம்தான் பிரேக். எத்தனை மணிக்குப் போனா நல்லா இருக்கும்?

முடிந்தால் 12 மணிக்குள் போய்விடுங்கள். வரிசை இருக்காது, சமையலறையும் அன்றைய முதல் ஈடுகளைத்தான் போட்டுக்கொண்டிருக்கும். 12:30 முதல் 1:30 வரை கூட்டம் நெரியும். ஆனால் அந்த நேரத்தில் எதுவும் தேங்கி நிற்காது, பொரித்தது பொரித்தபடி போய்க்கொண்டே இருக்கும். நேரம் இருப்பவர்களுக்கு அதுவும் நல்ல நேரம்தான். சிக்கல் 2 மணிக்கு மேல். கூட்டத்துக்காகப் பொரித்ததில் மிச்சம் சூட்டுப்பெட்டியில் இருக்கும். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்கும்வரை அது கெட்டுப்போகாது. ஆனால் கறியிலிருந்து கிளம்பும் ஆவி மேல்மாவை நமக்கவைக்கும், உள்ளே சாறு வற்றும்.

எலும்பில்லாத டெண்டர் 4 முதல் 6 நிமிடத்தில் பொரிந்துவிடும். எலும்போடு இருக்கும் துண்டு திறந்த எண்ணெய்ச் சட்டியில் 12 முதல் 18 நிமிடம் எடுக்கும். கம்பியில் சுழலும் முழுக்கோழிக்கு 70 முதல் 90 நிமிடம் ஆகும், அதை யாரும் நமக்காகப் புதிதாகப் போடமாட்டார்கள். எனவே தாமதமாகப் போகிறவர்கள் டெண்டரோ டெண்டர் வைத்த சாண்ட்விச்சோ கேட்பது புத்திசாலித்தனம். சீக்கிரம் வேகும் என்பதால் புதிதாகப் போட்டுத்தரத் தயங்கமாட்டார்கள். "இப்போ பொரிச்சதா? இல்லைன்னா வெயிட் பண்றேன்" என்று கவுன்டரில் சொல்லலாம், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. சுழல்கோழிக் கடையாக இருந்தால் "அடுத்த ஈடு எப்போ இறங்கும்?" என்று கேளுங்கள்.

3. மெனுவைப் பாத்தாலே தலை சுத்துது. முதல் தடவை எதை ஆர்டர் பண்றது?

அந்தக் கடை எதற்குப் பேர்போனதோ அதை, மேலே எதுவும் சேர்க்காமல் வாங்குங்கள். பொரித்த கோழிக் கடை என்றால் எலும்போடு ஒரு தொடையும் ஒரு நெஞ்சுத் துண்டும். கிரில் கடை என்றால் கால்கோழியோ (முழுக்கோழியில் கால் பங்கு) அரைக்கோழியோ. சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். சாஸ் ஊற்றாத முதல் கடியிலேயே உப்பு உள்ளே இறங்கியிருக்கிறதா, மாவு ஒட்டி நிற்கிறதா, எண்ணெய் புதுசா என்று மூன்றும் தெரிந்துவிடும். அங்கே தேறும் கடையில் மெனுவின் மற்ற ஐட்டங்களையும் நம்பி வாங்கலாம்.

கியோஸ்க் என்ற, நாமே தொட்டு ஆர்டர் போடும் திரையில் ஆர்டர் செய்தால் ஒரு எச்சரிக்கை. காம்போ, பெரிய சைஸ், கூடுதல் சீஸ் என்று ஒவ்வொரு திரையிலும் ஏதாவது ஒன்றைத் தள்ளிக்கொண்டே வரும். காசு கட்டும் முன் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள்.

4. டெண்டர், ஸ்ட்ரிப்ஸ், நக்கெட், போன்லெஸ் விங்ஸ்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. டெண்டர் என்பது நெஞ்சுக்கறிக்கு அடியில் தனியாக ஒட்டியிருக்கும் சின்னத் தசை. ஒரு கோழிக்கு இரண்டுதான் வரும். அதற்குள் வெள்ளையாக ஒரு நரம்பு ஓடும். அதை எடுக்காமல் பொரித்தால் கடிக்கும்போது ரப்பராக இழுக்கும். ஸ்ட்ரிப்ஸ் பெரும்பாலும் நெஞ்சுக்கறியை நீளவாக்கில் நறுக்கியது. நக்கெட்டில் இரண்டு வகை உண்டு: முழுக்கறியைத் துண்டு போட்டது, அரைத்த கறியை அச்சில் அழுத்தியது. பிய்த்துப் பார்த்தால் தெரியும். முழுக்கறி நார் நாராகப் பிரியும், அரைத்தது பொலபொலவென உடையும்.

போன்லெஸ் விங்ஸில் இறக்கையே கிடையாது, அது நெஞ்சுக்கறித் துண்டு. இன்னொன்றும் சொல்லவேண்டும். 'போன்லெஸ்' என்று எழுதியிருந்தாலும் சின்ன எலும்புச் சில் வர வாய்ப்புண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில், போன்லெஸ் விங்ஸ் என்பது சமைக்கும் பாணியைக் குறிக்கும் பெயர், எலும்பே இருக்காது என்ற உத்தரவாதம் அல்ல என்று 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஏராளம். நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது, குழந்தைக்குக் கொடுக்கும் முன் பிய்த்துப் பார்த்துக் கொடுப்பது.

5. நெஞ்சுப் பீஸ் எப்பவும் சக்கையா இருக்கு. கடைக்காரங்க தப்பா, கோழி தப்பா?

இரண்டுமாக இருக்கலாம். நெஞ்சில் கொழுப்பும் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. எந்தக் கோழிக்கறியும் உள்ளே 74 டிகிரியைத் தொட்டால் பாதுகாப்பு. நெஞ்சு அந்தப் புள்ளியில்தான் சாறோடு இருக்கும். 80-ஐத் தாண்டினால் தசைநார் இறுகி நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தொடை இதற்கு நேர்மாறு. அதில் இணைப்புத் திசு அதிகம், அந்தத் திசுவிலிருக்கும் கொலாஜன் என்ற புரதம் இளகவே 80, 85 டிகிரி வேண்டும். அதனால் தொடை கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும், சூட்டுப்பெட்டியில் கொஞ்ச நேரம் இருந்தாலும் தாங்கும். நெஞ்சு தாங்காது. கடை எப்படி என்று தெரியாதபோதும், நேரம் தப்பிப் போனபோதும் தொடை கேளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

நல்ல கடைகள் நெஞ்சுக்கறியை முதல் நாளே உப்புநீரிலோ மோரிலோ ஊறவைக்கும். உப்பு தசைப்புரதத்தைத் தளர்த்துவதால் வேகும்போது நீர் கறிக்குள்ளேயே நிற்கும். "ஊறவெச்சதா?" என்று கேட்டால், செய்கிற கடை பெருமையாகவே சொல்லும்.

இன்னொரு வகைச் சக்கை இருக்கிறது, அதற்குச் சமையல்காரர் பொறுப்பல்ல. கடித்தால் வறட்சியாக இல்லாமல், பாதி வெந்த காய் மாதிரி 'நறுக்'கென்று இருக்கும். வேகமாக வளர்க்கப்பட்ட பெரிய கோழிகளின் நெஞ்சுத்தசை இறுகிப்போவதால் வருவது அது. தொழிலில் 'வுடி பிரெஸ்ட்' என்பார்கள். சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, வாய்க்குத்தான் கஷ்டம். மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பெரிய பெரிய நெஞ்சுத் துண்டைக் காட்டி விளம்பரம் செய்யும் கடையில் இது அகப்பட வாய்ப்பு அதிகம்.

6. ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்கணும்? எப்பவும் மிஞ்சுது, இல்லைன்னா பத்தாமப் போகுது.

பக்க உணவு ஒன்றோடு என்றால் எலும்புத் துண்டு 2, நல்ல பசி என்றால் 3. டெண்டர் 3 அல்லது 4. விங்ஸ் 8 முதல் 10. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் இறக்கையில் எலும்பும் தோலும் போக மிஞ்சும் கறி கொஞ்சம்தான். கிரில் கடையில் கால்கோழி ஓர் ஆளுக்குச் சரி, அரைக்கோழி வேறெதுவும் வாங்காதவருக்கு.

8 துண்டுப் பெட்டி என்றால் ஒரு முழுக்கோழி: நெஞ்சு 2, தொடை 2, லெக் பீஸ் 2, இறக்கை 2. அதை நான்கு பேர் பங்கிட்டால் இறக்கை கிடைத்தவருக்கு வயிறு நிறையாது. நெஞ்சும் இறக்கையும் ஒருவருக்கு, தொடையும் லெக் பீஸும் இன்னொருவருக்கு என்று பிரித்தால் சண்டை வராது.

7. எலும்புகிட்ட சிவப்பா இருந்துச்சு. வேகலையா?

நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. இறைச்சிக் கோழிகள் இளம் வயதிலேயே வெட்டப்படுவதால் எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. மஜ்ஜையில் இருக்கும் நிறமி சூட்டில் கசிந்து பக்கத்துக் கறியைச் சிவப்பாக்கும், கருஞ்சிவப்பாகவும் ஆக்கும். உறையவைத்த கோழியில் இது அதிகம். முழுதாக வெந்த தொடையிலும் லெக் பீஸிலும் சாதாரணமாகப் பார்க்கலாம்.

பார்க்கவேண்டியது கறியின் தன்மையை. எலும்பிலிருந்து கறி சுலபமாகக் கழன்று, நார் பிரிந்து, வாயில் சூடாக இருந்தால் வெந்திருக்க வாய்ப்பே அதிகம். வழவழவென்று, கண்ணாடி மாதிரி மினுங்கி, எலும்பைவிட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வேகவில்லை. நெஞ்சின் நடுவில், எலும்புக்கு எட்டாத இடத்தில் அப்படி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் கவுன்டரில் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்லலாம். எலும்பில் படாமல் குத்தி, 74 காட்டினால் சரி.

8. பிரஷர் பிரைடு, ஓப்பன் பிரைடு, கிரில்டு... எதை எடுக்க?

திறந்த சட்டியில் பொரித்தால் மேல்மாவு கெட்டியாக, கரடுமுரடாக, நல்ல மொறுமொறுப்பாக வரும். பிரஷர் பொரிப்பில் மூடியைத் திருகிப் பூட்டி, சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில் பொரிப்பார்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கச் சுமார் 117 டிகிரி வேண்டும். எனவே கறிக்குள் இருக்கும் நீர் ஆவியாக ஓடுவது குறைகிறது, 8 முதல் 10 நிமிடத்தில் வெந்தும் விடுகிறது. உள்ளே சாறு நிற்கும், மேலோடு மெல்லியதாகத்தான் இருக்கும். 1930களின் இறுதியில், பின்னாளில் கே.எஃப்.சி.யைத் தொடங்கிய ஹார்லண்ட் சாண்டர்ஸ் கோழி பொரிக்க பிரஷர் குக்கரைக் கையிலெடுத்ததே, வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான்.

மொறுமொறுப்புக்காகப் போகிறவர்களுக்குத் திறந்த சட்டி. நெஞ்சுக்கறிப் பிரியர்களுக்கு பிரஷர். கிரில் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முதலில் அடுப்பில் வேகவைத்துக் கடைசியில் தணலில் காட்டுவார்களா, பச்சையிலிருந்தே தணலிலா? முதல் வகை சீக்கிரம் வரும், இரண்டாவதில் புகை வாசம் தூக்கலாக இருக்கும். தோலில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளி அழகு. முழுக்கக் கரியாக இருந்தால் கசக்கும்.

9. காரம் 'மீடியம்'னு கேட்டேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எப்படிக் கேக்கணும்?

காரத்துக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கடையின் மீடியம் இன்னொரு கடையின் எக்ஸ்ட்ரா ஹாட். முதல் தடவை ஒரு படி கீழே கேளுங்கள், மேல்படியைத் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுப் பாருங்கள்.

பெயரை வைத்தும் ஊகிக்கலாம். நாஷ்வில் பாணி என்றால் பொரித்தபின் காய்ந்த மிளகாய்ப்பொடியைச் சூடான எண்ணெயில் குழைத்து மேலே பூசுவது. காரம் எண்ணெயில் இருப்பதால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், நேரமாக ஆகத்தான் ஏறும். பஃபலோ பாணி, 1964இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற உணவகத்தில் பிறந்ததாகச் சொல்லப்படுவது. மிளகாய்ச் சாஸும் வெண்ணெயும் கலந்தது, காரத்தைவிடப் புளிப்பு முன்னால் நிற்கும். பெரி பெரி என்பது மிளகாய் ஊறலில் ஊறவைத்துச் சுடும் பாணி, அதில் காரம் ஊறலிலேயே இருக்கும், பிறகு வழித்தெடுக்க முடியாது.

எரிச்சலுக்குத் தண்ணீர், சோடா எதுவும் உதவாது. மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தயிர், மில்க் ஷேக் என்று பால் புரதம் உள்ள எதையாவது குடியுங்கள்.

10. எண்ணெய் பழசுன்னு சாப்பிடுறவங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உள்ளே நுழைந்ததும் மூக்கு சொல்லிவிடும். சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் களைத்துவிட்டது. தட்டில் பார்த்தால் மேல்மாவு பொன்னிறம் தாண்டிக் கரும்பழுப்பாகி, உள்ளே கறி அந்த அளவுக்கு வேகாமல் இருக்கும். உருளைக்கிழங்கு ப்ரைஸைத் தனியாக ஒன்று தின்று பாருங்கள். தனக்கென்று பெரிய ருசி இல்லாததால் எண்ணெயின் கசப்பை அது மறைக்காது. பல நாடுகளில், எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து சிதையும்போது சேரும் போலார் சேர்மங்கள் 24 முதல் 27 சதவீதத்தைத் தொட்டால் எண்ணெயைக் கொட்டவேண்டும் என்பது விதி, அளக்கக் கையடக்கக் கருவிகளும் உண்டு.

எண்ணெய் நல்லதாயிருந்தும் துண்டு எண்ணெய் குடித்திருந்தால் காரணம் வேறு. கூட்ட நேரத்தில் கூடையை நிரம்பக் கொட்டியிருப்பார்கள். 170 டிகிரியிலிருந்து எண்ணெயின் சூடு சரசரவென இறங்கி, மாவு உறையும் முன் எண்ணெயை உறிஞ்சியிருக்கும்.

11. டயட்ல இருக்கேன். கிரில்டு பவுல் எடுத்தா கவலை இல்லையே?

பாதிதான் உண்மை. தோல் நீக்கிச் சுட்ட நெஞ்சுக்கறி 100 கிராமுக்குச் சுமார் 165 கலோரி, புரதம் 31 கிராம். மாவு தோய்த்துத் தோலோடு பொரித்தது சுமார் 260. அதுவரை சரி. ஆனால் பவுலுக்கு மேல் ஊற்றும் ராஞ்ச் டிரெஸ்ஸிங் (மோரும் மயோனைஸும் கலந்த சாஸ்) இரண்டு மேசைக்கரண்டியிலேயே 130 கலோரி சுமக்கும், கடையில் கை தாராளம் வேறு. டிரெஸ்ஸிங்கைத் தனியாக வாங்கி முள்கரண்டி நுனியில் தொட்டுச் சாப்பிட்டால் பாதிகூடத் தீராது.

உப்பைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஊறலில் உப்பு, மாவில் உப்பு, சாஸில் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள். ஒரே காம்போவில் அதில் பாதி தாண்டுவது சாதாரணம். மெனுவில் சோடியம் மில்லிகிராமில் இருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள், அதுதான் உப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு பொரித்ததா கிரில்லா என்பதைவிட இந்தக் கணக்கு முக்கியம்.

12. கூட வர்றவங்க சைவம். ப்ரைஸ் மட்டும் சாப்பிடலாமா?

"ப்ரைஸுக்குத் தனி எண்ணெயா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பல கடைகளில் கோழி பொரித்த அதே சட்டிதான். அலர்ஜிக்கும் இதே கேள்வி. கோழிமாவில் கோதுமை, ஊறலில் மோர், பூச்சில் முட்டை, சாஸில் சோயாவும் எள்ளும் இருக்கலாம். அதே எண்ணெயில் விழும் எதிலும் அவை ஒட்டும். அலர்ஜி கடுமையாக இருப்பவர்கள் 'மாவு இல்லாத கிரில்' என்ற பெயரை மட்டும் நம்பவேண்டாம், இடுக்கியும் வெட்டும் பலகையும் பொதுவாகத்தான் இருக்கும்.

ஹலால் பார்ப்பவர்கள் சுவரில் இருக்கும் சான்றிதழின் தேதியையும் அது அந்தக் கிளைக்குப் பொருந்துமா என்பதையும் பாருங்கள். மெனுவில் பேக்கன் (பன்றி இறைச்சி) இருந்தால் அதே கிரில்லா என்றும் கேட்கவேண்டும்.

13. ஆபீசுக்கு பார்சல் கொண்டுபோனா நமத்துப்போகுது. என்ன பண்ணலாம்?

எதிரி ஆவி. சூடான துண்டை மூடிய பெட்டியில் வைத்தால் அதன் ஆவியே மூடியில் பட்டு, நீராகி, மாவின்மேல் சொட்டும். வாங்கியதும் மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் பையின் வாயைக் கட்டாதீர்கள். சாஸ் புரட்டிய விங்ஸைப் பார்சலுக்கு வாங்கவே வேண்டாம், பத்து நிமிடத்தில் தோல் தொளதொளத்துவிடும். சாஸைத் தனியாக வாங்கிச் சாப்பிடும் முன் புரட்டுங்கள். சாலட்டையும் கோழியையும் ஒரே பையில் வைத்தால் இரண்டும் கெடும்.

ப்ரைஸ் 5 நிமிடத்துக்கு மேல் தாங்காது. பதினைந்து நிமிட தூரம் என்றால் சோளமோ சாதமோ மசித்த உருளையோ பக்க உணவாக எடுப்பது மேல்.

14. மிஞ்சினதை சாயங்காலம் சாப்பிடலாமா?

வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்திருந்தால் சாப்பிடலாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மேசையில் மதியம் முழுக்கக் கிடந்ததைச் சூடாக்கினாலும் பயனில்லை, சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு சூட்டில் அழியாது. பிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும்.

பொரித்ததை மைக்ரோவேவில் வைத்தால் மேலோடு தோல் மாதிரி ஆகிவிடும். ஏர் பிரையரில் 180 டிகிரியில் டெண்டருக்கு 4, 5 நிமிடம், எலும்புத் துண்டுக்கு 8 முதல் 10. உள்ளே 74 எட்டவேண்டும் (7-ஆம் கேள்வியில் சொன்ன அதே அளவு). முன்பே அறைச்சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் வெளியே கருகாமல் உள்ளே சூடேறும்.

15. ஆபீஸ்ல பத்து பேருக்கு ஆர்டர் பண்ணணும். எல்லாரும் வேற வேற கேக்குறாங்க.

ஒவ்வொருவருக்கும் ஒரு காம்போ என்று போகாதீர்கள், சமையலறையும் குழம்பும், பில்லும் ஏறும். எலும்புத் துண்டு 16, டெண்டர் 15, பக்க உணவு பெரிய அளவில் மூன்று என்றால் பத்துப் பேருக்குத் தாராளம். எலும்புத் துண்டில் பாதிக்கு மேல் தொடையும் லெக் பீஸுமாகக் கேளுங்கள். காரணம் 5-ஆம் கேள்வியில் இருக்கிறது: பார்சலில் காத்திருக்க நேர்ந்தால் தாங்குவது அவைதான்.

காலை 11 மணிக்குள் சொல்லிவிடுங்கள். கூட்டம் தொடங்கியபின் 30 துண்டைச் சட்டியில் ஒரே ஈட்டில் போட முடியாது, முதலில் பொரித்தது கடைசி ஈட்டுக்காகக் காத்துக் கிடக்கும். "12:15-க்கு ரெடியா இருக்கணும்" என்று சொல்லாமல் "12:15-க்கு எண்ணெயிலிருந்து எடுங்க, 12:20-க்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லுங்கள். காரம் பூசியது தனிப் பெட்டியில், மேலே பேனாவால் எழுதி. சாஸ் கிண்ணம் ஆளுக்கு ஒன்று போதாது, ஒன்றரைக் கணக்கில் வாங்குங்கள்.